ஜூன் ஐந்தாம் தேதிப் பிள்ளைகள்

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் கல்யாணப் பெண்ணே போன் பண்ணினால் அது நல்ல சேதியாக இருக்காது. புவனேஸ்வரி டீச்சருக்கு அப்படித்தான் ஒரு போன் வந்தது. பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெரியாத நம்பராக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே எடுத்தார். பேசியது வைஷ்ணவி. பந்தல் போட வந்தவரிடம் போனைக் கேட்டு வாங்கி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசுவதாகச் சொன்னாள்.

"காலையில ஆபீசருங்க வந்தாங்க டீச்சர். நாந்தான் பத்துத் தொண்ணூத்தெட்டுக்கு, அந்தப் பிள்ளைங்க ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணுனேன். மார்க் சீட்டப் பாத்துட்டு, பதினெட்டு முடிஞ்சிருச்சும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வைஷ்ணவிக்குப் பதினெட்டு முடியவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். இந்த ஆவணி மாதத்தில் பதினேழும் ஏழு மாதமும்தான் ஆகிறது. அது ஏன் காகிதத்தில் பதினெட்டாக இருக்கிறது என்பதும், அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, அவருக்குத் தெரியும்.

வைஷ்ணவி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை அப்பா வழியில் உறவு. சிங்கப்பூரில் வேலை, வயது முப்பத்து மூன்று. ஒரு மாத லீவில் வந்திருக்கிறார், இன்னும் பன்னிரண்டு நாளில் விமானம் ஏறிவிடுவார், அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வரமாட்டார். அதனால்தான் இந்த ஓட்டம். புதுக்கோட்டையில் அவள் படிக்கும் கணக்கு டிகிரியில் இது இரண்டாவது வருஷம், அது இன்றோடு சரி. காலையில் வந்த ஆபீசரம்மா, உனக்குச் சம்மதமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

"ஏண்டி ஆட்டுன?" என்றார் டீச்சர்.

"கடலைக்கு அடிக்கிற மருந்து டின்ன எடுத்து அப்பா அரிசி மூட்டை மேல வச்சிருக்காரு டீச்சர். நீ வேணாம்னு சொன்ன நிமிசம் குடிச்சிருவேன்னாரு. என் வாயால வேணாம்னு சொல்ல முடியாது. வயசு பத்தலன்னா அது நான் சொல்றதில்லைல, சட்டம் சொல்றது. அந்தத் தேதி நீங்க போட்டதுதானே?"

பக்கத்தில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

நம் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பிறந்த நாளைக் கேட்டால் ஏழு பேர் மே மாதமோ ஜூன் மாதமோதான் சொல்வார்கள். ஆத்தாக்காரிகள் எல்லோரும் அந்த இரண்டு மாதத்திலேயே பெற்றுத் தள்ளினார்கள் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், நிரம்பாவிட்டால் நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் காலத்தோடு போயிருக்க வேண்டிய பழக்கம் அது. புவனேஸ்வரி டீச்சர் அதைக் கொஞ்ச தூரம் கூடுதலாகவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் ஐந்தாம் தேதி. பள்ளியில் மொத்தம் பதினாறு பிள்ளைகள். இருபதாவது இல்லாவிட்டால் ஒரு ஆசிரியரைத் தூக்கித் தொலைவில் மணமேல்குடிப் பக்கம் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. தூக்குவதென்றால் அவரைத்தான் தூக்குவார்கள். அங்கன்வாடியில் நாலரை வயதில் நான்கு உருப்படிகள் விளையாடிக்கொண்டிருந்தன. நான்குக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, வேலைக்குப் போன ஊர்களில் பிறந்தவை. அதில் ஒன்று முத்தாளின் மகள் வைஷ்ணவி. முத்தாள் அன்று காலையிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் சூளைக்கு மறுபடியும் போகப் போகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டால் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போவேன், இல்லாவிட்டால் அதுவும் சூளையில் மண் மிதிக்கத்தான் வரும் என்றாள்.

அவள் கேட்டது பாதி, தன் இடமாறுதல் பயம் பாதி. டீச்சர் பேனாவை எடுத்தார். அன்றைய தேதியிலிருந்து சரியாக ஐந்து வருஷத்தைக் கழித்தார். 05.06.2007. நான்கு பிள்ளைக்கும் அதே தேதி. வேறு வேறாகப் போடலாமே என்று யோசிக்கக்கூட அன்றைக்கு மூளை ஓடவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, நாலும் ஒரே பிரசவமா என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்த நான்கு பேருக்கும் டீச்சர் தன் கைக்காசில் புது பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தார். குற்ற உணர்ச்சிதான் காரணம், ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஜூன் அஞ்சு செட் என்று தங்களுக்கே பேர் வைத்துக்கொண்டன. காலேஜ் போன பிறகும் அந்தத் தேதியில் நான்கு பேரும் டீச்சருக்குப் போன் பண்ணுவார்கள். பிறந்த நாள் கொடுத்த மகராசி ஆயிற்றே.

இப்போது அந்தத் தேதிதான் வைஷ்ணவியைப் பந்தலில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

டீச்சர் அலுவலக அறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். சேர்க்கைப் பதிவேடு மேல்தட்டில் இருந்தது. அவர் தேடியது அது இல்லை. கீழ்த்தட்டில், பழைய பந்துகளுக்கும் உடைந்த உலக உருண்டைக்கும் அடியில், கிராமக் கல்விப் பதிவேடு கிடந்தது. வருஷா வருஷம் கோடையில் வெயிலில் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எத்தனை வயதில் எத்தனை பிள்ளை என்று எழுதி வைப்பது. இரண்டாயிரத்து எட்டு ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினார். அவருடைய கையெழுத்தேதான். அடைக்கலம், மனைவி முத்தாள், பெண் குழந்தை ஒன்று, பிறந்து மூன்று மாதம்.

இரண்டாயிரத்து ஏழு ஜூனில் பிறந்த பிள்ளை அடுத்த ஏப்ரலில் மூன்று மாதக் குழந்தையாக இருக்க முடியாது. ஒரே கை, ஒரே பீரோ, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பதிவேடு. இதைக் காட்டினால் கல்யாணம் நிற்கும். காட்டுகிறவரின் வேலையும் நிற்கும்.

அவர் கணவர் ஆவுடையப்பன் கல்வி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டதிட்டமெல்லாம் தலைகீழாகத் தெரியும். டீச்சர் போனில் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அரசுப் பதிவேட்டில் தெரிந்தே பொய்த் தேதி, வேலையையே பறிக்கிற பதினேழு பி சார்ஜ் மெமோ நிச்சயம், ரிட்டையர் ஆக ஒன்பது மாதம் கிடக்கிறது, விசாரணை முடியாமல் பென்ஷன் நகராது, ஆள் மேல் கேஸும் வரலாம். முப்பது வருஷத்து உழைப்பு என்று இரண்டு தடவை சொன்னார்.

"நீயா போய்த் தாலி கட்டச் சொன்ன? நீ பாட்டுக்கு இரு புவனா."

"ஏங்க, முத்தாளு கல்யாணத்தப்பவும் நான் பாட்டுக்குத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தார்.

முத்தாளும் அவரிடம் படித்தவள்தான். புவனேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐந்தாம் வகுப்பில் முன்பெஞ்சு. வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாலும் சொல்வாள். அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது பதினாறு கூட முடியவில்லை. டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஆலங்குடியில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி, பேர் வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தார். கை கழுவித் திரும்பும்போது மணமேடையிலிருந்து முத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. டீச்சர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கிற வகுப்பறைப் பார்வை அது. டீச்சர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாயசம் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

காலையில் வந்துபோன சமூகநலத் துறை அலுவலரின் பேர் சொர்ணவல்லி. நம்பரை விசாரித்துப் பிடிப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. அவருடைய ஜீப் அதற்குள் புதுக்கோட்டை எல்லையைத் தொட்டிருந்தது. டீச்சர் சொன்னதைக் கேட்ட சொர்ணவல்லி, போனில் சொல்வதெல்லாம் செல்லாது, நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணத்தை நிறுத்த முடியும், எழுதிக் கொடுத்தால் அதன் நகல் உங்கள் துறைக்கும் போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். கல்யாண வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றார் டீச்சர். இரண்டு பதிவேட்டையும் மஞ்சப்பையில் போட்டு ஸ்கூட்டியில் மாட்டினார். முந்திரித் தோப்பு வழியாகப் போகிற மூன்று கிலோமீட்டரில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, பை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். திரும்பிவிடலாமா என்றும் ஒரு தடவை தோன்றியது. பொய் சொல்வானேன், இரண்டு தடவை தோன்றியது.

வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த அடைக்கலம் டீச்சரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். பிடித்தால் பிடித்தபடி நிற்கிறவன். மகளை இந்த அளவுக்குப் படிக்க வைத்ததே டீச்சர்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன்.

"வாங்க டீச்சர். காலையிலதானே முகூர்த்தம், இன்னிக்கே வந்தது சந்தோசம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஜீப் வர இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். அதற்குள் வாயைத் திறந்தால் பெண்ணை எங்காவது கடத்திக்கொண்டு போய் இரவோடு இரவாகத் தாலி கட்டிவிடுவார்கள். டீச்சர் பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். காபி வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சோலையப்பன் எதிரே வந்து உட்கார்ந்து, பையில் என்ன, பொண்ணுக்குப் பரிசா என்று கேட்டார். ஸ்கூல் நோட்டு என்றார் டீச்சர். கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முத்தாள். அவள் டீச்சரைப் பார்த்தாள், மடியில் இருந்த பையைப் பார்த்தாள், மறுபடியும் அரிவாள்மணையில் குனிந்துகொண்டாள்.

அடைக்கலம் உள்ளே குரல் கொடுத்தான். மஞ்சள் பூசிய முகத்தோடு வைஷ்ணவி வந்தாள். டீச்சரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொள் என்று அவன் சொன்னதும் குனிந்து காலைத் தொட்டாள். அந்த விரல்கள் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தன. நல்லாயிரு என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு எழவில்லை. எழுந்திரு என்று மட்டும் சொன்னார். அவள் எழுந்தபோது கண் நேராகப் பைக்குப் போனது. அப்போதுதான் ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது.

சொர்ணவல்லியும் இரண்டு பெண் போலீஸும் இறங்கினார்கள். சொர்ணவல்லி டீச்சருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, நன்றாக யோசித்துக்கொண்டீர்களா, எழுதிக் கொடுத்துவிட்டால் திருப்பி வாங்க முடியாது என்றார். அந்த ஒரு நிமிஷம் டீச்சருக்கு ஆவுடையப்பனின் குரல் காதில் வந்துபோனது. எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வைஷ்ணவி மார்க் சீட்டுல இருக்கிற தேதி பொய். ஸ்கூல்ல சேக்குறப்ப நாந்தான் மாத்தி எழுதுனேன். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகல."

அடைக்கலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆதாருல அந்தத் தேதி, மார்க் சீட்டுல அந்தத் தேதி. பதிமூணு வருசமா அதான் எம்புள்ள பொறந்த நாளு. எல்லாம் ஒங்க எழுத்த நம்பித்தான் டீச்சர். இப்ப அதப் பொய்யிங்கிறீங்க. ஒங்க எந்த எழுத்த நான் நம்புறது?"

டீச்சர் தலை குனிந்து பதிவேடுகளை எடுத்து சொர்ணவல்லியிடம் நீட்டினார். சொர்ணவல்லி சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நின்றார். வரிசையாக நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரே தேதி. நிமிர்ந்து டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மற்ற மூன்று வரியையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, எனக்கு ஒரு பேர் போதும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பதிவேட்டை எடுத்தார்.

சோலையப்பன் விடுகிற ஆள் இல்லை. கல்யாணத்தைக் கெடுக்க நேற்று உட்கார்ந்து எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும், ஒன்றைப் பொய்யாக எழுதினவர் இன்னொன்றையும் எழுதமாட்டாரா என்றார். உறவுக்காரர்களில் நான்கு பேர் அதுதானே என்றார்கள். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் போன இடத்தில் எழுந்து நின்ற ஊர் இது. இப்போது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டும் காரியம் நடக்காமல் போய்விடுமோ என்று நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமான பயம் வந்தது.

சொர்ணவல்லி கொட்டகைப் பக்கம் திரும்பினார். பெற்றவர்களில் ஒருவர் சொன்னால் போதும் என்றார். "ஏம்மா, நீங்க சொல்லுங்க. பொண்ணு எப்ப பொறந்துச்சு?"

முத்தாள் நிமிரவில்லை. பூசணித் துண்டு ஒன்றை நறுக்கி முடித்தாள், அடுத்ததை எடுத்து அதையும் நறுக்கினாள். அடைக்கலம் அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வைஷ்ணவி கதவைப் பிடித்தபடி நின்றாள். முத்தாள் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வகுப்பில் பதில் சொல்ல எழுவாளே, அதே மாதிரி.

"தைப்பூசத்துக்கு மறுநாளு. சூளையில கல்லு அடுக்கிக்கிட்டு இருக்கையில வலி வந்துச்சு. வர்ற தையிலதான் பதினெட்டு."

அடைக்கலம் ஒரு எட்டில் வீட்டுக்குள் பாய்ந்தான். பெண் போலீஸ் இருவரும் பின்னால் ஓடினார்கள். உள்ளே அரிசி மூட்டை சரிகிற சத்தமும், அவன் எதையோ தேடித் தட்டிவிடுகிற சத்தமும் கேட்டன. வைஷ்ணவி அப்பா என்று அலறினாள்.

முத்தாள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "டின்னு அங்கிட்டு இல்ல. காலையிலயே எடுத்துட்டுப் போயி குழி தோண்டிப் பொதைச்சிட்டேன்" என்றாள்.

ஆபீசர் காலையில் வந்துவிட்டு வெறுங்கையோடு போன பிறகும், அதற்கு மேல் யாராவது வருவார்கள் என்று அவள் எண்ணியிருக்கிறாள். யாரை எதிர்பார்த்தாள் என்று டீச்சர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

மற்றதெல்லாம் காகித வேலை. பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்யமாட்டோம் என்று அடைக்கலம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். யார் முகத்தையும் பார்க்காமல் போட்டான். மறுநாள் குழந்தைகள் நலக் குழு முன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். சோலையப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை. டீச்சர் இரண்டு பக்கத்துக்குத் தன் வாக்குமூலத்தை எழுதினார். தன் பேர், பதவி, தேதி, தான் செய்த தப்பு. நாளைக்கே உங்கள் ஆபீசுக்குப் போய்விடும் டீச்சர் என்றார் சொர்ணவல்லி. போகட்டும் என்றார் டீச்சர். இரண்டு பதிவேட்டையும் அத்தாட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். மஞ்சப்பை காலியாகிவிட்டது.

ஜீப் போனதும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பாதிப் பந்தல் காலி. அடைக்கலம் கொல்லைப் பக்கம் கிணற்றுத் திட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். டீச்சர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை நோக்கி நடந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"டீச்சர்."

முத்தாள் வீட்டு நடையில் பாயை விரித்து, ஒரு தலைவாழை இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாணத்துக்கு வந்து சாப்புட்டுட்டுத்தான் போனீங்க. நின்னுபோன கல்யாணத்துலயும் ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."

குத்திக்காட்டுகிறாளா, கூப்பிடுகிறாளா என்று டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டும் இருந்தது. இத்தனை வருஷமாக வைத்திருந்ததை இறக்கி வைத்துவிட்ட முகம் அது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் போய் இலை முன்னால் உட்கார்ந்தார்.

உறவுக்கூட்டத்துக்காக வைத்த சோறும் பூசணிக்காய் சாம்பாரும் வந்தன. மஞ்சளைக் கழுவிய முகத்தோடு வைஷ்ணவி பரிமாறினாள். முத்தாள் நசுங்கிப்போன பழைய எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து டம்ளரில் தண்ணீர் சாய்த்தாள். குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பேர் தேய்ந்து, டீச்சர் என்கிற வார்த்தை மட்டும் பாக்கி இருந்தது.

டீச்சர் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.